ஒரே ஒருமுறை ராசாவாக இருந்தேன்

மலையையும் என்னையும் ஒரே அதட்டலில் வளர்த்த என் அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு வந்திருக்கும் இரண்டாவது சாரல் இது. மேட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று ஒரு வரியில் முடித்துவிடத்தான் ஆசை. முடியவில்லை அப்பா. நாளைக் காலை கீழேயிருந்து அதிகாரிகள் ஏறி வருகிறார்கள். மஞ்சணத்தி மேட்டில் நாம் தொடர்ந்து இருக்கலாமா, இறங்க வேண்டுமா என்று பார்க்கப்போகிறார்களாம். அதற்குள் நடந்ததையெல்லாம் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

இதை வேறு யாராவது படிக்க நேர்ந்தால், அவர்களுக்காகக் கொஞ்சம். பண்பொழிப் பக்கமிருந்து ஏறினால் அரை நாள் நடையில் வரும் ஊர் எங்களுடையது. எங்கள் ஆறு இங்கிருந்து இறங்கி, குற்றாலத்துப் பக்கம் அருவியாக விழுகிறது. என் அப்பாவை இங்கே ராசா என்பார்கள். கிரீடமோ கோட்டையோ கிடையாது. ஆனால் ஒரு பேச்சின் முடிவில் அவர் ‘இது ராசா சொல்லு’ என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவருடைய அப்பாவுக்கும் அந்த உரிமை இருந்தது. அவருக்குப் பிறகு எனக்கு வந்தது.

உங்கள் சட்டங்கள் எனக்கு மனப்பாடம் அப்பா. ராசா விடாமல் யாரும் கீழே போகக் கூடாது. வெளியாள் இங்கே தங்கக் கூடாது. பெண்கள் சபையில் உட்காரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, இங்கே நடப்பது எதுவும் கீழே தெரியக் கூடாது. காட்டுக்காவலர்களுக்குச் சில குடிசைகள் இருப்பது தெரியும். இங்கே ஓர் ஊரே இருப்பது தெரியாது. ஏன் இப்படி என்று சின்ன வயதில் கேட்டபோது, தாத்தாவை வேறொரு மலையிலிருந்து குடும்பத்தோடு விரட்டிய கதையைச் சொன்னீர்கள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கும்போதே கூரையைப் பிரித்தார்கள் என்றீர்கள். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

ஆனால் அந்தச் சட்டத்தை முதலில் மீறியவரும் நீங்கள்தானே? ஒரே பிள்ளை, அதுவும் பெண். கீழேயிருந்து வரும் காகிதங்களைப் படிக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னைத் தென்காசியில் ஹாஸ்டலில் விட்டீர்கள். எந்த ஊர் என்று கேட்டால் பண்பொழி என்று சொல்லச் சொன்னீர்கள். பள்ளியும் கல்லூரியும் முடியும்வரை அப்படியே சொன்னேன். உண்மை தெரிந்தவள் ஒருத்திதான், நூர்ஜஹான்; எனக்கு நூரு. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அவளுடைய வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அவள் அருவிக்கரையில் அண்ணன் நடத்தும் துண்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். இனி அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் போன பதினாறாம் நாள் மாடசாமி சித்தப்பா உங்கள் தலைப்பாகையை என் தலையில் வைத்தார். அது என் கண்ணை மறைத்தது, யாரும் சிரிக்கவில்லை. உங்கள் தம்பிக்கு என்மேல் பாசம் உண்டு, நம்பிக்கை கிடையாது. ‘உங்கப்பன் மாதிரி இரு, அது போதும்’ என்று மட்டும் சொன்னார். நான் அப்படி இருக்கவில்லை.

முதல் வருடத்தில் என்னென்னவோ செய்தேன். பெண்பிள்ளைகளைப் பண்பொழிக்குப் படிக்க அனுப்பினேன். அவர்களிடம் வாங்கியதுபோலவே, ஊரை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு நர்சு அம்மாவை வரவழைத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வைத்தேன். வீடுகளுக்கு சோலார் விளக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் சித்தப்பா எதிரே நின்றார். ஒவ்வொரு முறையும் நான் ராசா சொல்லு என்று சொல்லிவிடலாம், வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் என் வாய்க்கு அந்த வார்த்தை வரவில்லை. பேசிப் பேசி, கெஞ்சி, சண்டை போட்டுத்தான் ஒவ்வொன்றும் நடந்தது.

பிறகு பெரிய காரியம் ஒன்று செய்தேன். பெண்களைச் சபையில் உட்கார வைத்தேன். இனிமேல் எதுவும் என் ஒருத்தியின் சொல்லால் நடக்காது, சபையில் கை தூக்கி எது தேறுகிறதோ அதுவே சட்டம், எனக்கும் ஒரு கைதான் என்று அறிவித்தேன். சித்தப்பா எழுந்து போய்விட்டார். ராசா தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட கதையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று போகிற வழியில் சொன்னாராம்.

இந்த ஆடிக்கு முன்னால் நூருவும் அவள் அண்ணனும் ஆன்டெனா வைத்த போன் ஒன்று வாங்கித் தந்தார்கள். காத்தாடிப் பாறை உச்சியில் வைத்தால் சிக்னல் கிடைக்கிறது. நோய்நொடிக்கு உதவும் என்று சபை ஒத்துக்கொண்டது. அதோடு நான் இன்னொன்றும் கேட்டேன். மேலே வெள்ளம் திரண்டால் நமக்கு முன்கூட்டியே தெரிகிறது. கீழே அருவியில் குளிப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அந்தச் செய்தியையும் சொல்லலாமே என்றேன்.

கூடாது என்று எழுந்தது யார் தெரியுமா? சித்தப்பா இல்லை. ஆவுடையக்கா. சபையில் முதன்முதலாக வாய் திறந்த பெண். அவளுடைய மாமியார் அந்தப் பழைய மலையிலிருந்து விரட்டப்பட்டவள். ஒரு தடவை செய்தி போனால் அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்பார்கள், கேட்டால் ஏறி வருவார்கள், வந்தால் நம்மை இறக்குவார்கள் என்று ஆவுடையக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு சொல்கூட வீண் இல்லை. கைகள் உயர்ந்தன. நான் கூட்டிவந்த பெண்களின் கைகள்தான் முதலில் உயர்ந்தன. நான் தோற்றேன்.

போன் நம் நோய்க்கு மட்டும், வேறு எதற்கும் கூடாது என்று முடிவாயிற்று. பாறைக்குக் காவலாகச் சித்தப்பாவைப் போட்டார்கள். சபையையே ஏற்காத மனிதர், சபையின் வார்த்தைக்குக் காவல் நிற்க ஒத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. கூடவே, நான் கேட்டது இதைத்தானே என்றும் தோன்றியது. உங்களுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வருகிறதா அப்பா?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலைந்து நாளாக விடாத மழை. ஆறு சிவந்து, கரை தொட்டு ஓடியது. கீழே குளிக்கத் தடை போட்டிருப்பார்கள் என்று தெரியும். காலை கழிந்து வெயில் லேசாக எட்டிப் பார்த்த நேரத்தில் ஆவுடையக்கா குடத்தோடு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். என் கையைப் பிடித்து ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. உச்சியில் மழை இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறது, இங்கே பாறைகள் தெரிகின்றன. குழியில் மாட்டிய மீன் துள்ளுகிறது. ஆறு மூச்சடக்குகிறது என்று நீங்கள் சொல்வீர்களே, அதுதான். மேலே எங்கோ சரிவு இடிந்து, மரமும் மண்ணும் ஆறு வரும் இடுக்கை அடைத்துவிட்டன. பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அடைப்பு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. உடைந்தால் எல்லாம் ஒன்றாகக் கீழே போகும்.

நம் வீடுகள் மேட்டில் இருக்கின்றன; நமக்குப் பயமில்லை. கீழே நிலைமை வேறு. அங்கே அருவியில் தண்ணீர் குறைந்திருக்கும். அப்பாடா என்று தடையை எடுத்திருப்பார்கள். சீசன், ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து காத்துக்கிடந்த கூட்டம். எல்லோரும் எண்ணெய்த் தலையோடு அருவிக்குள் ஓடியிருப்பார்கள். அது என் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது அப்பா. ஹாஸ்டலில் இருந்தபோது நானும் நூருவும் அந்தக் கூட்டத்தில் இடிபட்டுக் குளித்திருக்கிறோம்.

சபையைக் கூட்ட நேரமில்லை. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லி, கூடி உட்கார்ந்து, கை தூக்கி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆவுடையக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். நான் பாறைக்கு ஓடினேன்.

சித்தப்பா பாறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் நின்றார். அவரோடு இன்னும் இரண்டு பேர். அவர் கையில் கம்பு இருந்தது; ஓங்கவில்லை, குறுக்கே பிடித்திருந்தார், அவ்வளவுதான். ஆறு வற்றியதை அவரும் பார்த்துவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. சபை சொன்னது சொன்னதுதான், நீ கொண்டுவந்த சட்டம்தான் என்றார். மூச்சு வாங்க, கீழே பிள்ளைகுட்டிகள் இருக்கும் என்றேன். இங்கேயும் பிள்ளைகுட்டிகள் இருக்கின்றன என்றார். அதுவும் உண்மைதான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அவர் நகரவில்லை.

“நீ இப்போ எங்கண்ணன் மகளா பேசுதியா, ராசாவா பேசுதியா?”

அந்தக் கேள்வி என்னை நிறுத்திவிட்டது. மகளாகப் பேசினால் அவர் விடமாட்டார். சபையில் ஒருத்தியாகப் பேசினால் விடவே கூடாது. ராசாவாகப் பேசினால், ஒரு வருடமாக நான் கட்டியது எல்லாவற்றையும் நானே உதைத்துத் தள்ளுகிறேன். யோசிக்க நேரம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. மேலே காட்டுக்குள் மரம் ஒன்று முறியும் சத்தம் கேட்டது.

“ராசாவாத்தான் சொல்லுதேன். வழிய விடுங்க. இது ராசா சொல்லு.”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சித்தப்பாவின் கை தானாகத் தாழ்ந்தது. மற்ற இருவரும் தலை குனிந்து ஒதுங்கினார்கள். அவர்கள் ஒதுங்கிய விதத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது அப்பா. இத்தனை சுலபமா இது? வாழ்நாள் முழுக்க இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினீர்கள்?

பாறை உச்சியில் இருந்த போனில் கூப்பிட்டேன்; நூரு உடனே எடுத்துவிட்டாள். பின்னால் ஒரே கூச்சலும் சிரிப்புமாகக் கேட்டது. சொன்னேன். தண்ணீர் குறைந்தது நல்லதுக்கு இல்லை, மேலே அடைத்துக்கொண்டிருக்கிறது, எந்த நிமிடமும் வரும், எல்லோரையும் வெளியே ஏற்று என்றேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“இதச் சொன்னா உங்க ஊரு வெளிய தெரிஞ்சிருமேட்டி?”

தெரியட்டும் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு கீழே நடந்தது பின்னால் அவள் சொல்லித்தான் தெரியும். அங்கே காவலுக்கு நின்றவரிடம் ஓடியிருக்கிறாள். தண்ணீர் கம்மியாகத்தானே விழுகிறது என்று அவர் அண்ணாந்து பார்த்திருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார். மேலே இருக்கிறவர்கள் சொன்னார்கள் என்றாளாம். மேலே யார் இருக்கிறார்கள் என்றாராம். அதற்குமேல் அவள் நிற்கவில்லை. காணாமல் போன குழந்தைகளுக்காக அறிவிக்கும் மைக்கைக் கையில் எடுத்துவிட்டாள். அந்த மனிதரும் ஒரு கணம்தான் யோசித்தாராம். பிறகு விசிலை எடுத்து ஊதிக்கொண்டே கூட்டத்துக்குள் இறங்கிவிட்டார்.

பெண்கள் பக்கம் சீக்கிரம் காலியாகிவிட்டது. ஆண்கள் பக்கம் முணுமுணுப்பு. இப்போதுதான் விட்டார்கள், அதற்குள் விரட்டுகிறார்களே என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். கடைசி ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிக்கொண்டிருக்கும்போது அருவியின் நிறம் மாறியதாம்.

மேலே எங்களுக்கு முதலில் நிலம் அதிர்ந்தது. பிறகு சத்தம். மரங்கள் நின்ற வாக்கிலேயே ஆற்றோடு போவதை நான் பாறையிலிருந்து பார்த்தேன். சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். போன் என் கையில் இருந்தது. அது அடிக்கவில்லை. நான் கூப்பிட்டேன், மணி போகவில்லை. அந்த நேரத்தை உங்களிடம் எப்படிச் சொல்வது? அழவும் இல்லை, வேண்டவும் இல்லை. கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மதியம் சாய்ந்த பிறகு வேறு யாருடைய போனிலிருந்தோ நூரு கூப்பிட்டாள். எல்லோரும் ஏறிவிட்டார்கள், ஓர் உயிரும் போகவில்லை என்றாள். கடை போய்விட்டது, தூண்கூட மிச்சமில்லை என்று அதையும் அதே மூச்சில் சொன்னாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கீழே கேள்விகள் தொடங்கின. யார் போன் செய்தது, எங்கேயிருந்து? நூரு என்னிடம் கேட்காமல் வாய் திறக்கவில்லை. நான் சபையில் வைத்தேன். மறைத்துப் பயனில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஊர்ப் பெயரைச் சொல்லிவிடச் சொன்னோம்.

அதே சபையில் என் விசாரணையும் நடந்தது. ஆமாம் அப்பா, விசாரணைதான். தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு நடுவில் நின்றேன். சபையின் முடிவை மீறினேன், ஒத்துக்கொள்கிறேன் என்றேன்.

எனக்காக எழுந்தவர் சித்தப்பா. நம்புவீர்களா? ராசா எதற்கு இருக்கிறாள், இதற்குத்தான் இருக்கிறாள் என்றார். இந்தக் கை தூக்கும் விளையாட்டை விட்டுவிட்டுப் பழையபடி ராசா சொல்லையே வைத்துக்கொள்வோம் என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஒரு வருடமாக அவரிடம் நான் ஏங்கியது இந்த ஒரு நல்ல வார்த்தைக்குத்தான். அதுவும் நான் வேண்டாத விதத்தில் வந்தது.

ஆவுடையக்கா எழுந்தாள். ஆறு வற்றியதை முதலில் ஓடிவந்து காட்டியவள் அவள். என் பக்கம் பேசுவாள் என்று எல்லோரும் நினைத்தோம்.

“தாயி நல்லதுக்குத்தான் மீறினா. நாளைக்கு இன்னொருத்தி கெட்டதுக்கு மீறுவா. ரெண்டுக்கும் அதே வாய்தான், அதே வார்த்தைதான். அது இனிமே யாருக்கும் வேண்டாம்.”

கைகள் உயர்ந்தன. ராசா சொல்லு என்று ஒன்று இனி மஞ்சணத்தி மேட்டில் கிடையாது. எனக்கும் கிடையாது, எனக்குப் பின்னால் வருபவருக்கும் கிடையாது. அவசரத்துக்கு என்ன செய்வது என்று அதையும் பேசினார்கள். ஆற்றில் எந்த மாற்றம் தெரிந்தாலும், பார்த்தவர் யாராக இருந்தாலும், யாரையும் கேட்காமல் கீழே சொல்லலாம் என்று முடிவாயிற்று. மீறியதற்குத் தண்டனையாக, இந்தச் சீசன் முழுக்கப் பாறைக்காவல் எனக்கு. நானும் கை தூக்கினேன் அப்பா. வலித்தது. ஆனால் தூக்கும்போது கனம் இறங்கியதுபோலவும் இருந்தது.

காவலுக்குப் போன முதல் வாரம் சித்தப்பா என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு மாலை கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆறு இப்படி ஒருமுறை மூச்சடக்கியதாம். அன்றைக்கு நீங்கள் கீழே சொல்ல ஓடினீர்களாம். அவரும் இன்னும் சிலரும் பாதையில் மறித்துப் பிடித்துக்கொண்டார்களாம். வெள்ளம் போன பிறகுதான் விட்டார்களாம். கீழே என்ன ஆயிற்று என்று கடைசிவரை யாரும் போய்க் கேட்கவில்லை என்றார். அதன் பிறகு நீங்கள் ஆற்றில் குளித்ததே இல்லை என்றும் சொன்னார். நீங்கள் வீட்டிலேயே குளிப்பது உடம்புக்கு ஆகாமல் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“அன்னைக்கு அவன் ராசா சொல்லுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்போம். சொல்லல. ஏன் சொல்லலன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.”

அவர் அழுதார். உங்கள் தம்பி அழுது நான் பார்த்ததில்லை. பாதையில் என்னை மறித்து நின்ற அந்த நேரம் முழுக்க அந்தப் பழைய நாள்தான் கண்ணுக்குள் இருந்தது என்றார். நீ சொல்ல மாட்டாயா, சொல்ல மாட்டாயா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே நின்றேன் என்றார்.

ஏன் சொல்லவில்லை அப்பா? தாத்தாவின் கூரை நினைவுக்கு வந்ததா? நம் ஊர்ப் பிள்ளைகளை நினைத்தீர்களா? உங்களைப் பிடித்த கைகள் கொஞ்சம் இறுக்கமாகவே பிடிக்கட்டும் என்று ஓர் ஓரத்தில் விரும்பினீர்களா? எதுவாக இருந்தாலும் எனக்குக் கோபமில்லை. அந்த வார்த்தையைச் சொல்வதும் கொடுமை, சொல்லாமல் விடுவதும் கொடுமை என்று எனக்கு இப்போது தெரியும். கேட்டுத் தெரிந்துகொள்ள நீங்கள்தான் இல்லை.

நாளை வருகிறவர்கள் அன்றைக்குப் போலக் கூரையில் கை வைக்கிறவர்கள் இல்லை. மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். சரிவு இடிந்திருக்கிறது, இங்கே இருப்பது ஆபத்து, கீழே வீடு தருகிறோம் என்கிறார்கள். அதனால்தான் எனக்குக் கூடுதல் பயம். விரட்டினால் எதிர்க்கலாம், கூப்பிட்டால் என்ன செய்வது? இளவட்டங்களில் சிலருக்கு இறங்க ஆசை. ஆவுடையக்கா அசையமாட்டேன் என்கிறாள். சித்தப்பா வாசலில் கம்பைச் சாய்த்து வைத்திருக்கிறார். அதை உள்ளே வைக்கச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வைக்கவில்லை. நூரு தென்காசியிலிருந்து சட்டம் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு விடியும் முன்பே ஏறத் தொடங்குகிறாள். காட்டில் குடியிருப்பவர்களுக்கும் உரிமை உண்டு, எழுதிக் கேட்க வேண்டும் என்கிறார் அவர். கிடைக்குமா என்று அவரும் உறுதி சொல்லவில்லை.

என்ன முடிவாகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளை அவர்கள் வந்து, உங்கள் தலைவர் யார், யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டால், நான் ஓர் அடிகூட முன்னால் வரமாட்டேன். எல்லோரையும் காட்டுவேன். பேச வேண்டியவர்கள் பேசட்டும். என் முறை வரும்போது, அந்த வரிசையில் நின்று நானும் பேசுவேன்.

இனி ராசாத்தி இல்லை. என்றைக்கும் உங்கள் மகள்தான்,
செண்பகம்